பட்டாசு ஆலை தொடங்க எண்ணம்: உரிமம், நிலம், முதலீடு குறித்து ஆலோசனை வேண்டும்

கரிசல் நிலத்தான்:

அனைவருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு நாலரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மழை பெய்தால் சோளமும் பருத்தியும் விளையும். பொய்த்தால் வேலிக்கருவேலம் மட்டும்தான். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவில் பணியாற்றிவிட்டு இப்போது ஊருக்கே திரும்பிவிட்ட நான், இந்த நிலத்தில் சிறிய அளவில் பட்டாசு ஆலை ஒன்றைத் தொடங்கலாமா என்று யோசித்து வருகிறேன். கையில் ஏறக்குறைய இருபத்தைந்து லட்சம் ரூபாய் சேமிப்பு உண்டு. உறவினர்கள் பலர் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் என்பதால் தொழில் எனக்கு முற்றிலும் புதிதன்று. ஆனால் சட்டப் பக்கம் எனக்குத் தெளிவாக இல்லை.

டி.ஆர்.ஓ. உரிமம், சென்னை உரிமம், நாக்பூர் உரிமம் என்று மூன்று வகை சொல்கிறார்கள். என்னைப் போன்ற புதியவர் எதற்கு விண்ணப்பிக்க வேண்டும்? மாவட்ட ஆட்சியரின் தடையின்மைச் சான்று கிடைப்பதுதான் பெரிய தடை என்று சிலரும், அதைவிடப் பசுமைப் பட்டாசு விதிகள்தான் பெரிய தடை என்று வேறு சிலரும் கூறுகிறார்கள். இவற்றில் எது உண்மை? உரிமம் வைத்திருக்கும் ஒருவர், தம்முடைய ஆலையில் ஆறு அறைகளை எனக்குக் குத்தகைக்குத் தருவதாகவும், ‘உரிமம் என் பெயரில் இருக்கும், சரக்கு உன்னுடையதாக இருக்கட்டும்’ என்றும் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு ஆண்டுகள் அப்படி நடத்திப் பார்த்துவிட்டுப் பிறகு சொந்த ஆலை கட்டுவது அறிவுடைமையா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அ_பதிவேடு:

தம்பி, வருவாய்த் துறையில் நீண்ட காலம் இருந்து, தடையின்மைச் சான்றுக் கோப்புகளைக் கையாண்டவன் என்ற முறையில் நிலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். எல்லோரும் உரிமத்தில் தொடங்கிக் கடைசியில் நிலத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த மூன்று பெயர்கள். மூன்றுக்கும் அடிப்படை 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும், அதன்கீழ் வந்த 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் ஆகும். ஒரே நேரத்தில் ஆலையில் இருக்கக்கூடிய பட்டாசும் வெடிமருந்தும் சேர்ந்து 15 கிலோவுக்கு மிகாது என்றால், உரிமம் வழங்கும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் அதை மாவட்ட வருவாய் அலுவலர் கவனிப்பதால் டி.ஆர்.ஓ. உரிமம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 500 கிலோ வரை என்றால் வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலர் வழங்க வேண்டும். அதுதான் சென்னை உரிமம். அதற்கு மேற்பட்ட அளவுக்குத் தலைமைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போக வேண்டும். பெசோ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால் அது நாக்பூர் உரிமம் ஆயிற்று.

இந்த 15 கிலோ என்பதைப் பலரும் ஒரு நாள் உற்பத்தி என்றோ, ஓர் அறைக்கான அளவு என்றோ தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘ஒரே நேரத்தில்’ என்பதுதான் அதில் உயிரான சொல். கலக்கி வைத்த மருந்து, குழாயில் செலுத்தியது, காய்ந்துகொண்டிருப்பது, கட்டி முடித்தது என எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். அவ்வளவு சிறிய அளவில் நேர்மையாக நடத்தினால் கிடைக்கும் வருமானம் ஒரு குடும்பத்தின் உழைப்புக்கு ஈடாகலாமே தவிர, கூலிக்கு ஆள் வைத்து நடத்தும் தொழிலாக வளராது. அதனால்தான் அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு, வானில் வெடித்து வண்ணம் காட்டும் பேன்சி ரகம் செய்யும் சபலம் வருகிறது. ஆய்வுக்குப் போகும் குழுக்கள் அடிக்கடி முத்திரையிடுவதும் அத்தகைய ஆலைகளுக்கே. எனவே, உண்மையிலேயே தொழிலாக நடத்துவதென்றால் சென்னை உரிமத்தையே குறியாகக் கொள்ளுங்கள்.

இனி நிலம். நாலரை ஏக்கர் போதுமா என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே மறைந்திருக்கும் கேள்வி. விதிகள் ஏக்கர் கணக்குப் பேசுவதில்லை. மீட்டர் கணக்குத்தான் பேசுகின்றன. ஒவ்வொரு அறையிலும் எவ்வளவு மருந்து இருக்கும், அதிலிருந்து அடுத்த அறைக்கு எவ்வளவு தூரம், இருப்பு அறையிலிருந்து பொதுச் சாலை, குடியிருப்பு, கோயில், பள்ளி, மின்பாதை ஆகியவற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை அந்த வெடிபொருள் விதிகளின் எட்டாவது அட்டவணை மருந்தின் அளவுக்கேற்ப வரையறுக்கிறது. சதுரமாக இருக்கும் நாலரை ஏக்கரும், ஓடையை ஒட்டி நீண்டு கிடக்கும் நாலரை ஏக்கரும் ஒன்றல்ல. உங்கள் நிலத்தின் குறுக்கே வண்டிப்பாதைப் புறம்போக்கு ஒன்று புல வரைபடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் அந்தப் பாதை மறைந்து, நீங்களே உழுது வந்திருக்கலாம். ஆனால் கோப்பில் அது பொதுப் பாதைதான், அதிலிருந்தும் தூரம் விட்டாக வேண்டும். பாதி அறைகள் வரைபடத்திலேயே காணாமல் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாதுகாப்புத் தூரம் முழுவதும் உங்கள் நிலத்துக்குள்ளேயே அடங்குமாறு வரைபடம் போடுவதே நல்லது. பக்கத்து நிலம் காலிதானே என்று நினைத்து எல்லையை ஒட்டி இருப்பு அறையைக் கட்டிவிட்டால், ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த நிலத்துக்காரர் ஒரு பண்ணை வீடு கட்டும்போது சிக்கல் உங்கள் தலையில்தான் விழும். அவரைத் தடுக்க உங்களுக்கு வழியில்லை. அளவைக் குறைத்துக்கொள்ளவோ அறையை இடம் மாற்றவோ நேரும். பக்கத்தில் ஏற்கெனவே வேறொரு பட்டாசு ஆலை இருந்தாலும் இதே நிலைதான்.

தடையின்மைச் சான்று கேட்டு ஆட்சியரிடம் விண்ணப்பித்தால், அவர் வட்டாட்சியர், காவல்துறை, தீயணைப்புத் துறை எனப் பல தரப்பிலிருந்து அறிக்கை பெறுவார். ஊர் மக்களின் ஆட்சேபணையும் அதில் சேரும். ஒரு முறை விபத்து நடந்த ஊரில் இந்த ஆட்சேபணை வெறும் சடங்காக இருக்காது, இருக்கவும் கூடாது. மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. வாய்மொழியாக ‘இப்போது முடியாது’ என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். சான்று கிடைத்த பிறகும் அது ஆட்சியரால் ரத்து செய்யப்பட்டால் உரிமமும் நிற்காது என்பதை மறந்துவிட வேண்டாம்.

பெசோவிடம் ஆலை வரைபடத்துக்கு ஒப்புதல் பெறாமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். ஆர்வ மிகுதியில் முதலில் கட்டிவிட்டு, பிறகு கட்டடத்துக்கேற்ப வரைபடம் போடுபவர்கள் இருக்கிறார்கள். சுவரை இடித்துத்தான் அவர்களால் அதைச் சரிசெய்ய முடிகிறது.

சாத்தூர் போர்மேன்:

மேலே அண்ணாச்சி நிலத்தைப் பற்றி எழுதியவை அனைத்தும் சரியே. நான் அந்த ஆறு அறைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்த ஏற்பாட்டுக்கு எங்கள் பகுதியில் உள்குத்தகை என்று பெயர். அதைத் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

உள்குத்தகை சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உள்ளே என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். முப்பது நாற்பது அறைகள் கொண்ட ஓர் ஆலையை நான்கைந்து பேர் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரகம், தனித்தனி ஆட்கள், தனித்தனி அவசரம். மருந்து கலக்கும் நேரத்தையோ, எந்த அறையில் எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதையோ முடிவு செய்ய ஒரே போர்மேன் என்று யாரும் இருக்க மாட்டார். குத்தகைப் பணத்தை எடுத்தாக வேண்டும் என்பதால், நான்கு பேர் மட்டுமே இருக்க வேண்டிய அறையில் ஏழு எட்டுப் பேர் உட்காருவார்கள். இடம் போதாதபோது வேப்பமர நிழலில் தார்ப்பாய் விரித்துத் திரி பொருத்துவார்கள். அறைகளுக்கு இடையே இத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் விட்ட இடைவெளி, அந்தத் தார்ப்பாயோடு முடிந்துபோகிறது. ஓர் அறையில் பற்றிய தீ அந்த அறையோடு நிற்பதற்காக விடப்பட்ட இடம் அது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்துக்குப் பிறகு உள்குத்தகை பற்றி எவ்வளவு பேசப்பட்டது என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் இறந்ததையும் நாங்கள் மறக்கவில்லை.

நீங்கள் பின்னலாடை உற்பத்தியிலிருந்து வருகிறீர்கள். அங்கே ஆள் குறைந்தால் கூடுதல் நேரம் வேலை வாங்கலாம். ஆர்டர் நெருங்கினால் வேகத்தைக் கூட்டலாம். இந்தத் தொழிலில் வேகமே விபத்து. மருந்தைக் கலப்பது, சலிப்பது, குழாயில் செலுத்தி இறுக்குவது ஆகிய மூன்று வேலைகளிலும் உராய்வு இருக்கிறது. இரும்புக் கருவி, ஒரு சிறு கல், கால் உரசும் தரை, நைலான் புடவையில் உண்டாகும் நிலைமின்சாரம் என எதுவும் போதும். அதனால்தான் தரைக்கு ரப்பர் விரிப்பு, நுழையுமுன் கையை வைக்கச் செம்புத் தகடு, பருத்தி ஆடை, மரத்தாலோ பித்தளையாலோ ஆன கருவி என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். இவை ஆய்வாளருக்குக் காட்டுவதற்கான பொருள்கள் என்று நினைக்கும் முதலாளியிடம் நான் வேலை பார்ப்பதில்லை.

மாலையில் மீந்துபோன மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் ஈரம் புகுந்தால் உள்ளுக்குள்ளேயே சூடு ஏறும். இரவு முழுவதும் மூடி வைத்த கலவையை மறுநாள் காலையில் கிளறும்போது வெடிப்பது இதனால்தான். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும், மிச்சம் இருக்கக்கூடாது. மழைக்காலத்தில் வேலையை நிறுத்திவிடத் துணிவு வேண்டும். உள்குத்தகைக்காரருக்கு அந்தத் துணிவு எப்படி வரும்? மழை நாளுக்கும் அவர் குத்தகை கட்டிக்கொண்டிருப்பாரே.

கரிசல் நிலத்தான்:

அண்ணாச்சி, போர்மேன் ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. குத்தகை யோசனையைக் கைவிட்டேன். புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். வண்டிப்பாதை இல்லை, ஆனால் தெற்கு எல்லையை ஒட்டி ஓர் ஓடைப் புறம்போக்கு இருக்கிறது. ஓர் ஐயம்: உரிமம் உரிமையாளர் பெயரில் இருந்து, நான் வெறும் பங்குதாரராகச் சேர்ந்தால் அது சட்டப்படி சரியாகுமா? நடத்த முடியாமல் கிடக்கும் ஆலையை உரிமத்தோடு விலைக்கு வாங்குவது எப்படி? பசுமைப் பட்டாசு குறித்தும் யாராவது விளக்கினால் நல்லது.

வழக்குக்கட்டு:

வெடிபொருள் வழக்குகளில் வாதாடும் வழக்கறிஞர் நான். பொதுவாகச் சொல்கிறேனே தவிர, உங்கள் ஆவணங்களைப் பார்த்துத் தரும் கருத்தாக இதைக் கொள்ள வேண்டாம்.

உரிமம் என்பது வீட்டைப் போல விற்றுக் கைமாற்றும் சொத்தன்று. ஒரு நபருக்கோ நிறுவனத்துக்கோ, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட வரைபடத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கும் குறிப்பிட்ட ரகங்களுக்கும் வழங்கப்படும் அனுமதி அது. பங்குதாரர் மாறினால் உரிமம் வழங்கிய அலுவலருக்கு விண்ணப்பித்து முறைப்படி திருத்தம் பெற வேண்டும். உங்களுக்குள் எழுதிக்கொண்ட பங்கு ஒப்பந்தம், பத்திரத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், உரிமத்தில் ஏறாதவரை அது உள்குத்தகையின் இன்னொரு பெயராகவே பார்க்கப்படும். நின்றுபோன ஆலையை வாங்குவதில் தவறில்லை; சில வேளைகளில் அதுவே குறுக்கு வழியாகவும் அமையும். ஆனால் விலை பேசுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: உரிமம் இடைநிறுத்தத்தில் இருக்கிறதா, பழைய விபத்து வழக்கோ இழப்பீட்டு நிலுவையோ உண்டா, தரையில் இப்போது நிற்கும் அறைகளும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் உள்ள அறைகளும் ஒன்றுதானா. மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் விற்பவர் சற்று இருமிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

உரிமமின்றித் தயாரித்தால் வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத் தொகையைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். உயிரிழப்பு நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள் சேரும். 1908ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டமும் சேரக்கூடும். உரிமையாளரும் போர்மேனும் கைது செய்யப்படுவது வழக்கம். உரிமையியல் பக்கம் இன்னும் கடினமானது. ஆபத்தான தொழிலை நடத்துபவர், தம்மிடம் கவனக்குறைவு இல்லை என்று நிறுவினாலும் இழப்பீட்டிலிருந்து தப்ப முடியாது என்ற முழுப் பொறுப்புக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1980களிலேயே வகுத்துவிட்டது. 2010ஆம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் தவறு யாருடையது என்று பார்க்காமல் இழப்பீடு விதிக்க இடம் தருகிறது. விருதுநகர் மாவட்ட விபத்துகளைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்திருக்கிறது. எனவே பொதுப் பொறுப்புக் காப்பீட்டையும் தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதியையும் செலவாகப் பார்க்காதீர்கள்.

இப்போது பசுமைப் பட்டாசு. 2015இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் தொடுத்த வழக்கில்தான் இது தொடங்கியது. 2017இல் ஆன்டிமணி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகியவற்றைப் பட்டாசில் பயன்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பு அதைவிடப் பெரியது: பசுமைப் பட்டாசு எனப்படும் புகையும் மாசும் குறைந்த பட்டாசுகளுக்கு மட்டுமே அனுமதி, பேரியம் உப்புகளுக்குத் தடை, சரவெடிக்குத் தடை, இணையவழி விற்பனைக்குத் தடை. அதன்பின் சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நீங்கள் அறிவீர்கள். 2021இல் நீதிமன்றம் இந்தத் தடைகளை மீண்டும் வலியுறுத்தியது. பேரியத்தின் அளவைக் குறைத்து, வேறு சேர்க்கைகளுடன் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் கேட்டதை 2023 செப்டம்பரில் ஏற்க மறுத்தது.

பேரியம் நைட்ரேட் என்பது பச்சை ஒளி தரும் ஒரு நிறப்பொருள் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். கம்பி மத்தாப்பில் எரிவதற்கான ஆக்சிஜனைத் தருவதே அதுதான். அதை எடுத்துவிட்டால் கலவையின் அடிப்படையையே மாற்ற வேண்டும். நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற பெயர்களில் மாற்றுக் கலவைகளை உருவாக்கியது. அவற்றைப் பயன்படுத்த அந்நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, உங்கள் ஆலையில் செய்த மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பி, ரகவாரியாகச் சான்று பெற வேண்டும்; அதன் பிறகு பெசோவின் ஒப்புதலும் வேண்டும். பெட்டியின் மேல் கியூஆர் குறியீடு இருந்தால் மட்டும் அது பசுமைப் பட்டாசு ஆகிவிடாது. கந்தகத்துடன் குளோரேட் சேர்ந்த கலவைக்கு 1992 முதலே தடை உண்டு என்பதையும், வெடியின் ஓசை நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்ற 1999ஆம் ஆண்டு வரையறையையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, தடையின்மைச் சான்றா பசுமை விதியா எது பெரிய தடை என்ற கேள்விக்கு என் பதில்: முதலாவது நுழையும்போது ஒரு முறை தாண்ட வேண்டியது, இரண்டாவது ஆண்டுதோறும் தாண்ட வேண்டியது.

மதுரை மொத்த வியாபாரி:

சட்டத்தைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பணம் எப்படிச் சுழலும் என்பதை நான் சொல்கிறேன்.

தீபாவளி முடிந்து சில வாரங்களில் ஆலைகள் வேலையைத் தொடங்கும். மூலப்பொருள், கூலி, காகிதம், அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் அப்போதிருந்தே பணம் வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விற்பனையைத் தொடங்குவது சிவகாசி வழக்கம். பெரிய அளவில் சரக்கு நகர்வது அதற்குப் பிறகுதான். அந்தச் சரக்கிலும் பெரும் பகுதி கடனுக்குப் போகும். வட மாநில வியாபாரி தம் ஊரில் தீபாவளி முடிந்த பிறகே கணக்கு முடிப்பார். அதாவது, நீங்கள் இந்தக் கார்த்திகையில் வாங்கும் அலுமினியப் பொடியின் விலை அடுத்த கார்த்திகையில்தான் உங்கள் கைக்குத் திரும்பும். இருபத்தைந்து லட்சத்தைச் சுற்றுச்சுவரிலும் அறைகளிலும் முடக்கிவிட்டு, நடைமுறை முதலுக்கு வட்டிக்கு வாங்குகிறவர்கள்தாம் ஐப்பசியில் கிடைத்த விலைக்குச் சரக்கைத் தள்ளுகிறார்கள். வெடி அறைகள் நிற்கும் நிலத்தை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சந்தையும் முன்புபோல் இல்லை. டெல்லியில் ஆண்டு முழுவதும் தடை என்றார்கள். 2025 தீபாவளிக்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 15 அன்று, உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளைச் சில நாள்களுக்கு மட்டும் விற்க அனுமதித்தது. அந்தக் கடைசி நேர அனுமதியால் பயனடைந்தவர்கள் சரக்கு இருப்பு வைத்திருந்த பெரிய நிறுவனங்கள். புதிய சிறு உற்பத்தியாளரால் அவ்வளவு குறுகிய நாளில் எதையும் செய்ய இயலாது. இங்கேயோ 2018 முதல் தீபாவளியன்று பட்டாசு வெடிக்கக் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்றாகிவிட்டது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. விலைப்பட்டியலில் எண்பது விழுக்காடு தள்ளுபடி என்று அச்சிடும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அந்தப் பட்டியலை வைத்து லாபக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அச்சிட்ட விலைக்கு யாரும் வாங்குவதில்லை.

இணையத்தில் விற்றுக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். தடை இருந்தும் பலர் நடத்துகிறார்களே என்று கேட்பீர்கள். சாதாரண பார்சலில் பட்டாசை ஏற்றி அனுப்பி, வழியில் தீப்பிடித்தால் அனுப்பியவர் பெயர் பெட்டியின் மேலேயே இருக்கும். ரயிலில் கொண்டுபோவதும் குற்றம்.

என் கருத்தைக் கேட்டால், முதல் சில ஆண்டுகளுக்கு மருந்தைத் தொடாமலேயே இந்தத் தொழிலில் இருக்க வழி உண்டு. ஆலைகளுக்கு வெற்றுக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுப்பது, அட்டைப்பெட்டி செய்வது போன்றவற்றுக்கு வெடிபொருள் உரிமம் தேவையில்லை. எந்த ஆலை ஒழுங்காகப் பணம் தருகிறது, எந்த ரகம் நகர்கிறது என்பதெல்லாம் அதிலேயே புரிந்துவிடும். ஆனால் பட்டாசுக்கான மருந்துத் திரியான கருந்திரி செய்வதை இந்த வகையில் சேர்க்காதீர்கள். வீட்டுத் திண்ணையில் செய்கிறார்களே, சிறிய வேலைதானே என்று தோன்றும். அது வெடிமருந்து, உரிமமில்லாமல் செய்தால் வழக்குக்கட்டு ஐயா சொன்ன 9பி பிரிவுதான்.

சாத்தூர் போர்மேன்:

வியாபாரி ஐயா சொன்ன குழாய் யோசனையை நானும் ஆதரிக்கிறேன். ஆட்களைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. மருந்து கலக்கத் தெரிந்த, பொறுமையான ஆட்கள் இந்த வட்டாரத்தில் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருகிறார்கள். இருப்பவர்களைப் பெரிய ஆலைகள் முன்பணம் கொடுத்தும் வேன் அனுப்பியும் பிடித்து வைத்திருக்கின்றன. புதிய ஆலைக்குக் கிடைப்பவர் பெரும்பாலும் புதியவராக இருப்பார். பதினெட்டு வயது நிரம்பாதவரை எக்காரணம் கொண்டும் உள்ளே விடக்கூடாது. ‘காகித வேலைதானே, பள்ளி விடுமுறைதானே’ என்று தாயே கூட்டி வந்தாலும் கூடாது. துண்டுக்கூலி முறையில் எண்ணிக்கைக்குப் பணம் என்று வைத்துவிட்டால் அவர்கள் வேகத்தைக் கூட்டத்தான் செய்வார்கள்; மருந்து சம்பந்தப்பட்ட அறைகளுக்கு மட்டுமாவது நாள் சம்பளம் வையுங்கள். எந்த விதியும் உங்களை அப்படிக் கட்டாயப்படுத்தாது. நான் வேலைக்கு வருமுன் கேட்கும் நிபந்தனை அது.

கரிசல் நிலத்தான்:

அனைவருக்கும் நன்றி. குழாய் உருட்டும் வேலையில் தொடங்குவது என்றும், அதற்கிடையே நிலத்துக்கான தடையின்மைச் சான்று வேலையைப் பார்ப்பது என்றும் முடிவு செய்திருக்கிறேன். அண்ணாச்சி, அந்த ஓடைப் புறம்போக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நிலம் இன்னும் தாத்தா பெயரிலேயே கூட்டுப் பட்டாவில் இருக்கிறது, அது தடையாகுமா?

அ_பதிவேடு:

ஓடையைவிடக் கூட்டுப் பட்டாதான் முதலில் தீர்க்க வேண்டியது. நிலத்தில் உங்களுக்குள்ள உரிமையைக் காட்டாமல் விண்ணப்பம் நகராது. மற்ற வாரிசுகளில் ஒருவர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பாகப்பிரிவினை செய்து பதிவு செய்யுங்கள், அல்லது மற்றவர்கள் தங்கள் பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். அதன்பின் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். பாகம் பிரிக்கும்போது உங்கள் பங்கு ஓடையிலிருந்து விலகிய வடபகுதியாகவும், கூடியவரை சதுரமாகவும் அமையுமாறு கேட்டு வாங்குங்கள். நாலரை ஏக்கரில் உங்களுக்கு ஒன்றரை ஏக்கர்தான் வரும் என்றால் சென்னை உரிமத்துக்கு அது போதாமல் போக வாய்ப்பு அதிகம். அப்போது பக்கத்து நிலத்தை வாங்க முடியுமா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு செலவு செய்யுங்கள். ஓடைப் புறம்போக்கில் கம்பி வேலியோ, மழைநீர் வடிகாலோ, ஒரு காவலாளி கொட்டகையோ கூடப் போடாதீர்கள். வட்டாட்சியர் அறிக்கையில் ஆக்கிரமிப்பு என்ற சொல் ஏறிவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயன் இருக்காது.

நில அளவரை வைத்து எல்லைக் கற்களைச் சரிபார்த்துவிட்டு, பட்டா, அ பதிவேட்டு நகல், புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு, வெடிபொருள் ஆலை வரைபடம் போட்டுப் பழகிய ஒருவரிடம் போங்கள். எத்தனை அறைகள் தேறும் என்பதை அவர் தாளில் போட்டுக் காட்டட்டும்.